‘குய்’ என்றால் என்ன? பொய் அர்த்தம் சொல்லி ஜெயிக்கும் அகராதி விளையாட்டு: எப்படி ஆடுவது, ஏன் ஏமாறுகிறோம்?

‘குய்’ – இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? கூகுள் பக்கம் போகாமல் சொல்லுங்கள் பார்ப்போம். நான்கு ஆப்ஷன்கள்:

அ) மாட்டின் கொம்பு நுனியில் செருகும் பித்தளைக் குமிழ்
ஆ) தாளிப்பு, தாளிக்கும்போது எழும் மணம்
இ) மழைக்காலத்தில் தவளைகள் சேர்ந்து எழுப்பும் ஒலி
ஈ) ஒருவகைச் சிறுமீன்

இதில் ஒன்று மட்டுமே உண்மை. மற்ற மூன்றும் இந்தக் கட்டுரைக்காகவே உட்கார்ந்து யோசித்த பொய்கள். மனதுக்குள் ஒன்றைத் தேர்வு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் உலகின் பல நாடுகளில் பல தலைமுறைகளாக வீட்டுக் கூடங்களில் ஆடப்பட்டுவரும் ஒரு விளையாட்டின் முதல் ரவுண்டை நீங்கள் ஆடி முடித்துவிட்டீர்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபிக்‌ஷனரி’ என்று பெயர். ‘டிக்‌ஷனரி கேம்’ என்றும் சொல்வார்கள். ஒரு அகராதி, கொஞ்சம் பேப்பர், நான்கைந்து பேர் இருந்தால் போதும். காசு செலவில்லை, சார்ஜ் போட வேண்டியதில்லை. ஆனால், ஒரு மணி நேரம் ஆடினால் ‘நாம் எதை எல்லாம் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்’ என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரி, எப்படி ஆடுவது?

விதிகள் ரொம்ப சிம்பிள்.

1. ஒருவர் நடுவர். அவர் அகராதியைப் புரட்டி, யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைத் தேர்வு செய்கிறார். சொல்லைச் சத்தமாகச் சொல்லி, எழுத்துக்கூட்டியும் காட்ட வேண்டும். ‘யாருக்காவது இது தெரியுமா?’ என்று கேட்பது முக்கியம். ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லை மாற்றிவிட வேண்டும்.

2. நடுவர் உண்மையான பொருளை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை எழுதி, பெயரைப் போட்டு அவரிடம் கொடுக்கிறார்கள்.

3. எல்லாத் தாள்களையும் கலைத்து, நடுவர் ஒரே குரலில் வாசிக்கிறார். உண்மையும் அதில் கலந்திருக்கும்.

4. எது உண்மை என்று ஒவ்வொருவரும் ஓட்டுப் போடுகிறார்கள். தன் பொய்க்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது.

5. உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு 2 புள்ளிகள். உங்கள் பொய்யை நம்பி ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் உங்களுக்கு 1 புள்ளி. யாருமே உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் நடுவருக்குப் புள்ளி. அடுத்த ரவுண்டில் அடுத்தவர் நடுவர்.

புள்ளிக் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் மாறும். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிட்டால் நடுவில் சண்டை வராது. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள்: இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே பொய்யை எழுதினால் அதை ஒன்றாகச் சேர்த்து வாசிப்பது, யாராவது தற்செயலாக உண்மையான பொருளையே எழுதிவிட்டால் அவருக்குத் தனிப் புள்ளி கொடுப்பது.

குறைந்தது நான்கு பேர் வேண்டும். பத்துப் பேரைத் தாண்டினால் எல்லாப் பொருள்களையும் நினைவில் வைத்து ஓட்டுப் போடுவது கஷ்டம். வெவ்வேறு ஊரில் இருக்கும் நண்பர்கள் என்றால் வீடியோ காலில் ஆடலாம். பொய்களை நடுவருக்கு மட்டும் தனி மெசேஜில் அனுப்பினால் போதும்.

கூடத்திலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து போனுக்கு

இந்த விளையாட்டை முதலில் யார் ஆடினார்கள் என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால், அது எப்போது பொதுவெளிக்கு வந்தது என்று சொல்லலாம். 1965-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ‘கால் மை ப்ளஃப்’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அங்கே அது நீடிக்கவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் பிபிசி எடுத்துச் செய்த வடிவம் 1988 வரை ஓடியது. பிறகு 1996-ல் மீண்டும் வந்தது.

பிபிசி வடிவத்தில் அணிக்கு மூன்று பேர். ஓர் அரிய சொல்லுக்கு ஓர் அணியின் மூவரும் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். ஒன்று மெய், இரண்டு பொய். எதிரணி கண்டுபிடிக்க வேண்டும். ஃபிராங்க் மியூர், பேட்ரிக் கேம்ப்பெல் ஆகிய இருவரும் அணித் தலைவர்களாக எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தில் சலனமே இல்லாமல் சொல்லும் பொய்களுக்காகவே அந்த நிகழ்ச்சிக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

1984-ல் கனடாவைச் சேர்ந்த லாரா ராபின்சன், பால் டோய்ன் இருவரும் இதைப் பெட்டிக்குள் அடைத்து ‘பால்டர்டாஷ்’ என்ற போர்டு கேமாகக் கொண்டுவந்தார்கள். பெயருக்கு அர்த்தம் ‘உளறல்’. அகராதியைப் புரட்டும் வேலையை மிச்சப்படுத்தி, சொற்களையும் பொருள்களையும் அட்டைகளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பிற்காலப் பதிப்புகளில் அரிய சொற்களோடு சுருக்கெழுத்துகள், விசித்திரமான சட்டங்கள், சினிமாப் பெயர்கள் எல்லாம் சேர்ந்தன.

இப்போது இது போனுக்கும் வந்துவிட்டது. ஜாக்பாக்ஸ் நிறுவனத்தின் ‘ஃபிப்பேஜ்’ விளையாட்டில் சொல்லுக்குப் பதில் ஒரு விநோதமான உண்மைத் தகவல் வரும். நடுவில் ஒரு கோடிட்ட இடம். எல்லோரும் போனில் ஆளுக்கொரு பொய்யால் அதை நிரப்ப, உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதே நிறுவனம் 2019-ல் வெளியிட்ட தொகுப்பில் ‘டிக்‌ஷனேரியம்’ என்றே ஒரு ஆட்டம் உண்டு.

எந்தப் பொய் ஜெயிக்கும்?

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். அழகான பொய்யாக எழுதப் பார்ப்பார்கள். ‘பிரிந்து போன காதலியை நினைத்து நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டு’ என்று எழுதினால் எல்லோரும் ரசிப்பார்கள். ஓட்டு மட்டும் விழாது.

ஓட்டு வாங்கும் பொய்கள் பெரும்பாலும் சலிப்பானவை. ‘ஒருவகைச் சிறுமீன்’ என்பது அதற்குச் சரியான உதாரணம். பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பூடு’, ‘மீன்வகை’ என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். இதைப் பார்க்கும்போது ‘இதைப் போய் யாராவது பொய்யாக எழுதுவார்களா?’ என்றுதான் மனசு யோசிக்கும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

அனுபவசாலிகள் கையாளும் சில உத்திகள்:

ஒலியிலிருந்து விலகி எழுதுங்கள். ‘குய்’ என்றதும் எல்லோருக்கும் சத்தம்தான் ஞாபகம் வரும். தவளை, குயில், வண்டிச் சக்கரம் என்று நான்கு பேர் சத்தத்தையே எழுதியிருப்பார்கள். நான்கும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றையொன்று காலி செய்துவிடும்.

ஒரு விவரம் போதும். ‘கொம்பு நுனியில் செருகும் குமிழ்’ என்பதோடு ‘பித்தளை’ என்று ஒரு விவரம் சேர்த்தால் நம்பும்படி இருக்கிறது. ‘மாட்டுப் பொங்கலன்று மட்டும், மூத்த மருமகள் கையால்’ என்று நீட்டினால் சாயம் வெளுத்துவிடும்.

அகராதியைப் போல எழுதுங்கள். அகராதி முழு வாக்கியம் பேசாது. ‘இது என்னவென்றால்’ என்று தொடங்காது. பெயர்ச்சொல்லில் முடித்து, அரைப்புள்ளி வைத்து, இன்னொரு சிறு பொருளையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

நடுவருக்கும் ஒரு டிப்ஸ் உண்டு. வாசிக்கும் முன் எல்லாத் தாள்களையும் ஒருமுறை மனதுக்குள் படித்துவிடுங்கள். கையெழுத்து புரியாமல் நீங்கள் திணறும் இடத்திலேயே ‘இது அகராதியில் இருந்து வந்ததில்லை’ என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

‘குய்’ விடை இதுதான்

சரியான விடை, ஆ. தாளிப்பு!

சமையலறையில் கடுகு வெடிக்கும்போது எழுகிற அந்த மணத்துக்கும் புகைக்கும் சங்கத் தமிழில் இருந்த பெயர் அது. குறுந்தொகையின் 167-வது பாடலில், புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கணவனுக்காகச் சமைக்கும் காட்சியில், தாளிப்புப் புகை அவள் கண்ணில் படும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது.

நான்கு ஆப்ஷன்களில் ‘தாளிப்பு’தான் நம்ப முடியாததாகத் தோன்றியிருந்தால், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. சொல்லின் ஒலி ஒரு பக்கம் இழுக்கிறது. அகராதி நடையில் இருக்கும் பொய் இன்னொரு பக்கம் இழுக்கிறது. உண்மைக்கு அப்படி உதவிக்கு வர யாரும் இல்லை.

தமிழில் ஆட என்ன அகராதி?

இந்த ஆட்டத்துக்குத் தற்காலத் தமிழ் அகராதிகள் அவ்வளவாகப் பயன்படாது. ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ போன்றவை இன்று புழக்கத்தில் இருக்கும் சொற்களுக்கானவை. அதில் உள்ள பெரும்பாலான சொற்கள் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குத் தோதானது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ் லெக்சிகன்’. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-ல் பிற்சேர்க்கை. எஸ்.வையாபுரிப்பிள்ளை ஆசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த இந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்-அகராதித் தளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். போனிலேயே பார்க்கலாம் என்பதால் நடுவருக்குக் கனமான புத்தகத்தைத் தூக்கும் வேலை இல்லை.

தமிழில் ஆடும்போது ஒரு சிக்கல் உண்டு. நீளமான கூட்டுச் சொற்களைப் பிரித்துப் பார்த்தே பொருளைப் பிடித்துவிடலாம். அதனால் சின்னச் சொற்களாகத் தேடுங்கள். ‘ஆம்பி’ (காளான்), ‘உளியம்’ (கரடி), ‘தசும்பு’ (குடம்), ‘ஆகுளி’ (சிறுபறை) மாதிரி. ‘ஞ’வில் தொடங்கும் சொற்களும் நல்ல தேர்வு. ‘ஞிமிறு’ என்றால் வண்டு, ‘ஞமலி’ என்றால் நாய் என்பது பழந்தமிழ் படித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சட்டென்று தோன்றாது.

பல பொருள் உள்ள சொல்லை எடுத்தால் நடுவர் உஷாராக இருக்க வேண்டும். ‘வெறுக்கை’ ஒரு நல்ல உதாரணம். பார்த்தால் ‘வெறுப்பு’ என்று தோன்றும். அந்தப் பொருளும் உண்டு. ஆனால், பழந்தமிழில் அதற்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. நடுவர் ‘செல்வம்’ என்று எழுதிவைத்திருக்க, ஒருவர் ‘வெறுப்பு’ என்று எழுதிக்கொடுத்தால் அது பொய்யா, மெய்யா? பஞ்சாயத்துதான்.

இன்னொரு வகை, வட்டார வழக்கு ரவுண்டு. அகராதிக்குப் பதில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி பேசும் ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். கொங்குப் பக்கத்தில் ‘பொடக்காளி’ என்றால் வீட்டின் பின்புறம். சென்னையில் வளர்ந்த நண்பருக்கு அது ஏதோ சாமி பெயர் போலத் தோன்றலாம். கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் இந்த ரவுண்டுக்குக் கைகொடுக்கும். எந்த அகராதியிலும் ஏறாத சொற்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைக்க, ‘அடுத்த வாரம் கேமுக்கு ஒரு வார்த்தை வேணும் பாட்டி’ என்பது நல்ல சாக்கு.

அகராதியே ஏமாந்த கதை

‘இது வெறும் விளையாட்டுதானே, நிஜ அகராதிக்குள் பொய் நுழையுமா?’ என்று கேட்டால், நுழைந்திருக்கிறது.

1931-ல் அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்தில், வேதியியல் பகுதியைக் கவனித்த ஆஸ்டின் பேட்டர்சன் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். அடர்த்தி என்பதைக் குறிக்கப் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ எழுத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் செய்தி. ஆங்கிலத்தில் ‘டி ஆர் டி’. எழுத்துகளுக்கு இடையே இருந்த இடைவெளியைக் கவனிக்காமல் யாரோ அதை ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். ‘டோர்ட்: அடர்த்தி’ என்று உச்சரிப்புக் குறிப்போடு 1934-ல் அச்சாகிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939-ல்தான் ஓர் ஆசிரியரின் கண்ணில் பட்டது. அந்தச் சொல்லுக்கு வேர்ச்சொல் விவரம் எதுவும் இல்லையே என்று அவருக்குச் சந்தேகம் வந்ததால் குட்டு வெளிப்பட்டது. அச்சிலிருந்து அது முழுதாக நீங்க 1947 ஆயிற்று.

இது கைத்தவறு. வேண்டுமென்றே நுழைத்த பொய்களும் உண்டு. 2001-ல் வெளியான நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. பொருள்: தன் அலுவல் பொறுப்புகளை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது. ஆபீஸ் போகும் எல்லோருக்கும் தெரிந்த நோய்தான், ஆனால் அப்படி ஒரு சொல்லே கிடையாது. கிறிஸ்டின் லிண்ட்பெர்க் என்ற ஆசிரியர் உருவாக்கியது அது. அகராதியை யாராவது அப்படியே காப்பியடித்தால் கண்டுபிடிக்க வைத்த பொறி. 2005-ல் நியூயார்க்கர் இதழ் இதை வெளியே கொண்டுவந்தது. அதற்குள் ஓர் இணைய அகராதியிலும் அந்தச் சொல் ஏறியிருந்தது.

இத்தகைய பொய்ப் பதிவுகளுக்கே ஆங்கிலத்தில் ‘மவுன்ட்வீசல்’ என்று பெயர் வந்துவிட்டது. 1975-ல் வெளியான நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுன்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. பிறந்த ஊர், எடுத்த படங்கள், ஒரு வெடிவிபத்தில் இறந்தது என எல்லா விவரமும் உண்டு. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

நமக்கு இதில் என்ன பாடம்?

டோர்ட், எஸ்க்விவேலியன்ஸ், நம்முடைய ‘ஒருவகைச் சிறுமீன்’ – மூன்றும் நம்மை ஏமாற்றும் வழி ஒன்றுதான். நாம் பொருளைச் சோதிப்பதில்லை. சொல்லும் தொனியைப் பார்த்து நம்புகிறோம்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?’ வகை ஃபார்வேர்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு கதை கட்டி, ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ என்று முடிப்பார்கள். ஏஐ சாட்பாட்களிடம் ஓர் அரிய தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும் இதே கதி நேரலாம். சரியான பதிலைச் சொல்லும் அதே உறுதியோடு, சில நேரம் இல்லாத பொருளையும் சொல்லிவிடும். இரண்டுக்கும் தொனியில் வித்தியாசம் இருக்காது.

உளவியலில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1977-ல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டோப்பினோ ஆகிய மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை பல தகவல்களைக் கொடுத்து, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த தகவல்களை, அவை உண்மையோ பொய்யோ, மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். பழகிய விஷயம் உண்மை போலத் தோன்றும் இந்தக் குணம்தான் ஃபார்வேர்டுகளின் பலம்.

விளையாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. நன்றாகச் சிரித்த பொய் மனதில் தங்கிவிடும், உண்மையான பொருள் மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு ரவுண்டின் முடிவிலும் நடுவர் சரியான பொருளை இரண்டு முறை வாசிப்பது நல்லது. பொய்த் தாள்களை யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பது அதைவிட நல்லது. உங்கள் குரூப்பில் ஜோக்காகத் தொடங்கியது, நான்கு கை மாறினால் ‘அரிய தமிழ்ச் சொல்’ ஆகிவிடும்.

சோதிக்கும் வழியை டோர்ட் கதையே காட்டுகிறது. அந்தச் சொல்லின் பொருளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாததுதான் காட்டிக்கொடுத்தது. தமிழ் லெக்சிகனில் பல சொற்களின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக ஒரு நூலின் பெயர் இருக்கும். அந்தச் சொல் எந்த நூலில், எந்த இடத்தில் வருகிறது என்பதற்கான சான்று அது. அடுத்த முறை ஒரு ‘பழந்தமிழ்ச் சொல்’ உங்கள் இன்பாக்ஸுக்கு வந்தால், அந்த அடைப்புக்குறி எங்கே என்று கேளுங்கள்.

நீங்களே ஒரு ரவுண்டு

1. அளகு: அ) நெல் அளக்கும் சிறிய மரப்படி ஆ) கோபுர உச்சிக் கலசத்தின் அடிப்பகுதி இ) பெண் கோழி; பெண் கூகை

2. எழினி: அ) திரைச்சீலை ஆ) விடியற்காலையில் கூவும் ஒருவகைப் பறவை இ) வாழையின் இளங்குருத்து

3. ஞெகிழி: அ) நீரில் ஊறி இளகிய மண் ஆ) கொள்ளிக்கட்டை இ) மெல்லிய பருத்தி ஆடை

விடைகள்

1 – இ. கோழி, கூகை இரண்டின் பெண்ணுக்கும் இந்தப் பெயர் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். ‘அளவு’ என்ற சொல்லை நினைத்து மரப்படியைத் தேர்வு செய்திருந்தால், பொய் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

2 – அ. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என நாடக மேடையின் மூன்று வகைத் திரைகள் வருகின்றன. பெண் குழந்தைகளுக்கு இப்போது வைக்கும் பெயர் என்பதால் பறவை, குருத்து என்று மனசு ஓடும்.

3 – ஆ. இன்று பிளாஸ்டிக்குக்கு நாம் சொல்லும் ‘நெகிழி’யை வைத்து யோசித்தால் ‘இளகிய மண்’தான் சரி என்று தோன்றும். ஆனால் குறிஞ்சிப்பாட்டில், மலையில் மாலை நேரத்தில் கானவர் பரண்மீது மூட்டுவது இந்த ஞெகிழி.